நானூறு தடவை

பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி அவளுக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கிடங்கில் பதினேழு வருஷமாக மூட்டை தூக்குகிறவள். லோடு இறக்கினால் இடுப்பு வலிக்கும், முட்டி வலிக்கும். மணிக்கட்டு ஒருநாளும் வலித்ததில்லை. நாலு நாளாகக் கட்டில் காலடியில் குந்தி, ஒரு பழைய கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்ததில் வந்த வலி.

"எத்தன?" என்றான் அண்ணன், கட்டிலிலிருந்து.

"முந்நூத்தி எண்பத்தாறு. சரி."

அவனால் எழுந்து பார்க்க முடியாது. நுரையீரலுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்டார்கள். கூரையைப் பார்த்தபடி கிடந்து, கணக்கைக் காதால் மட்டும் வாங்கிக்கொண்டான்.

கம்ப்யூட்டரையே ஓட்டுகிற அடிப்படை நிரலில், ஃபைல்களை எழுதி வைக்கும் பகுதி அவன் பொறுப்பு. அதில் ஒரு கோளாறு. எங்கோ ஒரு ஆஸ்பத்திரி குமாஸ்தா எழுதியிருந்தார்: கரண்ட் போய் வந்தால் நோயாளிகளின் குறிப்புகளில் சில ஃபைல்களுக்குப் பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. ஆபீசில் யார் சோதித்தும் அது அகப்படவில்லை. அண்ணன் நடமாடிய நாளில், இந்தப் பழைய மிஷினில் அவனே நிஜமாகப் பிளக்கைப் பிடுங்கியபோதுதான் நாற்பதுக்கு ஒரு தரம் தலைகாட்டியது. அண்ணன் திருத்தம் எழுதிவிட்டான். நானூறு தடவை பிடுங்கியும் ஒரு ஃபைல்கூடக் காலியாகாமல் இருந்தால்தான் அது திருத்தம், அதுவரை வெறும் நினைப்பு என்று சொல்லியிருந்தான்.

பெயர் மட்டும் எப்படி மிஞ்சும் என்று முதல் நாளே அவள் கேட்டாள். தெரியாமல் அவளுக்குக் கை ஓடவில்லை.

"லாரியிலேருந்து மூட்டை எறங்குறதுக்குள்ள, எறங்கிருச்சுன்னு உங்க மேஸ்திரி ரிஜிஸ்டர்ல எழுதிருவான்ல? புதுசு வந்துருச்சேன்னு பழைய மூட்டையையும் தூக்கிப் போட்டுருவான். அப்புறம் பார்த்தா லாரி கவுந்து கெடக்கும்."

"அப்ப உன் மிஷின் பொய் சொல்லுது."

"பொய் இல்ல. அவசரக்குடுக்கை. உன்னைய மாதிரி."

அவள் விடவில்லை. "உள்ள இருந்தது எங்கண்ணே போகும்?"

"எங்கயும் போகல. வரவே இல்ல."

காலை பத்து மணிக்கு நானூறு முடிந்தது. அவன் கேட்டுக்கொண்டபடி, கூட வேலை பார்க்கிறவனுக்கு அவளே ஒற்றை விரலால் செய்தி அடித்தாள்: நானூறு, ஒன்றும் போகவில்லை, இன்றைக்கே எல்லாருக்கும் அனுப்பிவிடு. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். பதினொன்றரைக்கு ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தபோது மூச்சு இல்லை. அடுத்தது வரும் என்று பத்து வரை எண்ணினாள். பிறகு இருபது வரை. பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

இரண்டு மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. வண்டி நாலரைக்கு என்று சித்தப்பா வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மணிக்குக் கூட வேலை பார்க்கிறவன் போன் செய்தான். சாவுச் செய்தி அவனுக்கும் எட்டியிருந்தது. திருத்தம் அஞ்சு மணிக்கு வெளியே போகிறது, அண்ணன் பேரிலேயே போகிறது என்றான். வைக்கிறதற்கு முன், ஒரு பேச்சுக்குத்தான் கேட்டான்:

"மிஷின்ல பச்ச லைட்டு மினுக்கும்போதுதானே அக்கா பிடுங்குனீங்க? அப்பத்தான் அது எழுதிக்கிட்டு இருக்கும். அடங்கிட்டா எழுதி முடிச்சிருக்கும்."

கிடங்கில் ஓடுகிற பெல்ட்டில் கைவைத்த ஒருத்தனின் இரண்டு விரலைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் அவள். ஓடுவது நிற்காமல் எதையும் தொடுவதில்லை. நானூறு தடவையும் விளக்கு அடங்கும்வரை பொறுத்திருந்துதான் பிடுங்கினாள். அண்ணன் அதைச் சொல்லித்தரவில்லை. சொல்ல வேண்டிய சங்கதி என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது.

"அடங்குனப்புறம்தான் பிடுங்குனேன்."

"நானூறுமா?"

"நானூறும்." பிறகு சொன்னாள்: "அனுப்பாதீங்க."

"அண்ணன் அனுப்பச் சொன்னாரே அக்கா."

"நான் சொன்ன கணக்க நம்பிச் சொன்னாரு."

அவன் நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டதும் போனை வைத்துவிட்டுக் கட்டில் காலடியில் உட்கார்ந்தாள். விளக்கு மினுக்கியது. கை போகவில்லை, இடது கையால் தள்ளிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பிடுங்கினாள். மறுபடி செருகி, ஃபைலைத் திறந்து, முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். வரி முழுக்க இருந்தது. இரண்டாவதும் இருந்தது. அடுத்ததில் என்ன இருக்கும் என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. பிணத்தை வைத்துக்கொண்டு இது என்ன விளையாட்டு என்று அத்தை முணுமுணுத்தாள். வேலை என்று மட்டும் இவள் சொன்னாள்.

வண்டி வந்துவிட்டது. சித்தப்பா உள்ளே வந்து, கால்மாட்டை யார் பிடிப்பது என்று கேட்டார். அவள் எழுந்து, தூக்கத் தெரிந்தவள் என்பதால் தானே பிடித்தாள்.

ஒன்பது சரி. அண்ணனுக்கு இன்னும் முந்நூற்றுத் தொண்ணூற்றொரு தடவை பாக்கி.