உச்சியில் ஒரு ஜன்னல்

மலையுச்சியில் ஏதாவது ஒரு பக்கம் மட்டும் மரங்களை விலக்கிக் காட்சி திறந்துகொள்ளலாம் என்று வனச்சரகர் சொன்னார். எந்தப் பக்கம் என்பதைப் பாதைக்காரரின் முடிவுக்கே விட்டுவிட்டார். அந்த மலையிலேயே பிறந்தவர், அவருக்குத் தெரியாததா என்பது சரகரின் எண்ணம்.

நடைபாதைகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்ததால் எல்லோரும் அவரைப் பாதைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். விழுந்த மரங்களை அறுத்து ஓரமாகத் தள்ளுவது, மழை அரித்த படிகளுக்குக் கல் வைப்பது, பாறைகளில் மஞ்சள் அம்புக்குறி வரைவது எல்லாம் அவர் பொறுப்பு. மலையடிவாரத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் அலுவலகம். சுவரில் ரம்பங்கள் வரிசையாகத் தொங்கும். எண்ணெய் வாடையும் ஈரக் கயிற்று வாடையும் கலந்து அடிக்கும். எத்தனை முறை துடைத்தாலும் மேசையில் மரத்தூள் படிந்திருக்கும்.

மரக் கம்பெனி அந்த மலையை ஒரு பக்கமாகத் தொடங்கி மறுபக்கம் வரை மொட்டையடித்துவிட்டுப் போய் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. யாரும் கன்று நடவில்லை. காடு தானாகவே திரும்பி வந்து உச்சிவரை ஏறி மூடிக்கொண்டது. இப்போது விடுமுறை நாட்களில் நகரத்திலிருந்து ஆட்கள் நடக்க வருகிறார்கள். மூச்சு வாங்க உச்சிக்கு ஏறிப்போனால் சுற்றிலும் அடிமரங்கள் மட்டும்தான் தெரியும். மரத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்க இவ்வளவு தூரம் ஏறணுமா என்று ஒருவர் அலுவலகத்துக்கே வந்து கேட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்த அனுமதி. இப்படித் திறக்கும் இடத்துக்குப் பாதை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஜன்னல்.

பாதைக்காரர் யோசிக்கவே இல்லை. ஏரிப் பக்கம் என்றார்.

உடன் வேலை செய்யும் நெட்டைக்கு அது பிடிக்கவில்லை. மறுபக்கம், அதாவது ஓடைப் பக்கம், நாலே நாலு மரத்தை எடுத்தால் போதும். ஏரிப் பக்கத்தில் அதைப்போல மூன்று மடங்கு நின்றது. ஏரியைப் பார்க்க வேண்டியவன் ஏரிக்கரைக்குப் போய்விட்டுப் போகிறான், அதற்கு நம் முதுகு ஏன் ஒடிய வேண்டும் என்று ரம்பத்துக்கு எண்ணெய் ஊற்றியபடியே முணுமுணுத்தான். பாதைக்காரர் ஏரிப் பக்கத்தையே பிடித்துக்கொண்டார். காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா இறந்தபோது அவருக்கு நாலு வயது நிறைந்திருக்கவில்லை. முகம் ஞாபகத்தில் இல்லை. புகைப்படமும் கிடையாது. கம்பெனியின் போட்டோக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து பெரிய பெரிய மரங்களையும் அவற்றின்மேல் ஏறி நின்ற ஆண்களையும் எடுத்துக்கொண்டு போவார். பெண்களை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கம்பெனியில் மரம் வெட்டிய அப்பா கடைசிவரை அம்மாவைப் பற்றிப் பேசவில்லை. ஆக, அம்மா என்று அவரிடம் இருந்தது ஒரே ஒரு காட்சி. உச்சியில் ஒரு பெண் அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். காற்று அடிக்கிறது. கீழே அடிக்கட்டைகளாகவே இறங்கும் மலை, அதன் முடிவில் முழங்கை மாதிரி மடங்கிய ஏரி, கரையில் பொம்மை அளவுக்குப் பலகை வீடுகள். அவள் விரலை நீட்டி, "அதோ பாரு, பச்சைக் கதவு. அதான் நம்ம வீடு" என்கிறாள். அவ்வளவுதான். சோப்பு வாடை வந்ததாகவும் ஞாபகம். அது பிற்பாடு தானே சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம் என்ற சந்தேகமும் அவருக்கு உண்டு.

அந்தக் காட்சிக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இருக்கும் ஒரே சாட்சி அக்கா. ஆனால் அக்காவிடம்கூட அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. சின்னப் பிள்ளை கண்ட கனவு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அம்மா என்று மிச்சமிருப்பதும் போய்விடும். முதலில் ஏரி தெரியட்டும், தான் நினைத்து வைத்திருப்பது சரிதானா என்று பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்.

கடைசி மரம் சாய்ந்து கிளைகள் அடங்கியதும் ஏரி தெரிந்தது. முழங்கை மாதிரியேதான் மடங்கியிருந்தது. கரையில் வீடுகள் இல்லை, புல்வெளி மட்டும். பாதைக்காரர் மோட்டார் ரம்பத்தை அணைக்க மறந்து நின்றார். நெட்டை வந்து அணைத்துவிட்டு, என்ன ஆச்சு, முதலை ஏதாவது தெரியுதா என்று கேட்டான்.

அன்று மாலையே அக்காவுக்குப் போன் போட்டார்.

அக்கா நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். எழுத்துப் பலகைக்கு முன்னால் ஆட்களை உட்கார வைத்துக் கீழ் வரியைப் படிக்கச் சொல்வதும், கோணலாகிவிட்ட பிரேமைச் சுடுகாற்றில் காட்டி நிமிர்த்துவதும் அவர் வேலை. எத்தனையோ முறை கூப்பிட்டும் மலைப் பக்கம் வந்ததில்லை. முழங்கால் வலி, கடையில் ஆள் இல்லை என்று ஏதாவது சொல்வார். இந்த முறை கடைக்கு வெள்ளையடிக்கிறார்களாம், அதனால் வருகிறேன் என்றார்.

வந்து இறங்கியதும் முதல் காரியமாகத் தம்பியின் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதைப் போட்டுக்கிட்டா மரம் வெட்டுற? நல்லவேளை, மலை இன்னும் நிக்குது."

"கீறல்தான்க்கா. தெரியுது."

"என்ன தெரியுது? நான் உனக்கு அக்காவா தங்கச்சியான்னு தெரியுதா?"

முந்தானையால் துடைத்துத் திருப்பி மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் ஓர் அழுத்து அழுத்தினார்.

இருவரும் காலையில் ஏறத் தொடங்கினார்கள். மரம் ஏற்றிய டிராலிகள் ஓடிய பழைய தண்டவாளத் தடம்தான் இன்றைய நடைபாதை. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தடம் மட்டும் மலையைச் சுற்றிச் சுற்றி மேலேறும். முதல் வளைவு வந்ததும் அக்கா சட்டென்று தடத்தை விட்டு மேட்டுப் பக்கம் ஏறி நின்று காது கொடுத்துக் கேட்டார். பாதைக்காரரும் ஏறி நின்றார். பின்னால் வந்த இளம் ஜோடி, யானையோ கரடியோ என்று பயந்து தாங்களும் ஏறி நின்றது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வளைவில் டிராலி வருவது கண்ணுக்குத் தெரியாது, அதனால் அந்தக் காலத்தில் கம்பெனி முகாமில் குடியிருந்த எல்லோருமே வளைவில் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். ஐம்பது வருஷமாக ஓடாத டிராலிக்கு அவர் கால்கள் இன்னும் வழிவிட்டன. அடுத்த வளைவிலும் அப்படித்தான் செய்தார். அதற்குள் அந்த ஜோடி இவர்களை முந்திக்கொண்டு போய்விட்டது.

ஏற ஏற அக்காவுக்குப் பேச்சு கூடியது. படுக்கையை உதறினால் மரத்தூள் கொட்டும், ரொட்டியில்கூடப் பிசின் வாடை அடிக்கும் என்றார். விடிவதற்கு முன்னால், வெட்டிய மரங்களைக் கம்பி கட்டி இழுக்கும் எஞ்சின் ஊதும். முகாமில் எந்தக் குழந்தையும் சேவல் கூவிக் கேட்டு எழுந்ததில்லை. பிறகு வீடு நகர்ந்த கதையைச் சொன்னார். ஒரு சரிவில் மரம் வெட்டி முடிந்ததும் கம்பெனி வீடுகளையும் விடாது. பலகை வீடுகளை அப்படியே நெம்பித் தூக்கி டிராலியில் வைத்து அடுத்த சரிவுக்கு இழுத்துக்கொண்டு போகும். அடுப்பை அணைத்து, நாற்காலிகளைக் கட்டிவைத்துவிட்டு, அவர் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தே வந்தாராம். வீடு ஆட ஆட இவர் கைதட்டிச் சிரித்தாராம்.

பாதைக்காரருக்கு அந்தப் பயணம் நினைவில்லை. வீடுகள் நகரும் என்று பொதுவாகத் தெரியும். எப்போது, எங்கிருந்து எங்கே என்று அவர் கேட்டதில்லை. அவருக்கு வீடு என்றால் பச்சைக் கதவு. அது இருந்த இடம் ஏரிக்கரை.

உச்சியில் அந்த ஜோடி ஜன்னலுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. ஏரியோடு சேர்த்து ஒரு படம் எடுத்துத் தரும்படி கேட்டார்கள். பாதைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அவர்கள் இறங்கிப் போகும்வரை காத்திருந்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து அழைத்துவந்து புதிய அடிக்கட்டைகளுக்கு நடுவே நிறுத்தினார். வெட்டுவாயில் பிசின் இன்னும் காயவில்லை.

தன் காட்சியை அப்போதுதான் சொன்னார். இடுப்பு, காற்று, நீட்டிய விரல், பச்சைக் கதவு எல்லாவற்றையும் சொன்னார். பல வருஷம் மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது. கடைசியில், "இங்கதானேக்கா அம்மா நின்னாங்க?" என்றார்.

அக்கா ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வீடு எங்க இருந்துச்சுன்னு சொன்ன? ஏரிக்கரையிலயா?" என்று கேட்டார்.

"கரையிலதான். அதோ அந்தப் புல்வெளியில."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அம்மா இருந்தப்ப இந்தப் பக்கம் பூரா காடுடா. ஒரு மரம்கூட வெட்டல. இங்க நின்னா ஏரியே தெரியாது. அம்மா போனதுக்கு அப்புறம்தான் இழுவைக் கம்பிய இந்தப் பக்கம் மாத்தி வெட்ட ஆரம்பிச்சாங்க. வீட்ட டிராலியில ஏத்தினதும் அப்பதான்."

"பச்சைக் கதவுக்கா."

"கதவு அதேதான். வீடும் அதேதான். இடம்தான் வேற."

பாதைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். போடுவதற்கு ஒன்றும் இல்லை. ஏரிப் பக்கம் மொட்டையாக இருந்தால்தான் ஏரி தெரியும். ஏரி தெரிந்தபோது அம்மா இல்லை. கனவு என்று அக்கா சொல்லிவிடுவாரோ என்றுதான் இத்தனை நாள் பயந்திருந்தார். கனவு இல்லை. எல்லாம் நடந்ததுதான். அதில் அம்மா மட்டும் இல்லை.

"அப்ப என்னைத் தூக்கிக்கிட்டு நின்னது யாரு?"

"வேற யாரு தூக்குவா?"

அக்கா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ வயது. பள்ளிக்கூடத்துக்காகச் சித்தி வீட்டுக்கு அனுப்பப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். போவதற்கு முன்னால் உச்சியை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். தம்பியை விட்டுவிட்டு வர ஆள் இல்லை, அதனால் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி வழியில் கை மரத்துப்போய், இவரை ஓர் அடிக்கட்டையில் உட்காரவைத்துவிட்டு அழுதது நன்றாக ஞாபகம் இருந்தது. பச்சைக் கதவைக் காட்டியது ஞாபகம் இல்லை.

"சொல்லியிருப்பேன். நீ அழாம இருக்கணும்னு எதையாவது காட்டிக்கிட்டேதான் வந்திருப்பேன். இத்தனை வருஷமா அதையா வச்சுக்கிட்டிருந்த?"

பாதைக்காரர் தலையை மட்டும் அசைத்தார். அக்கா அவரைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தெரிந்திருந்தால் ஆமாம், அம்மாதான் என்று சொல்லியிருப்பேன், வாய் முந்திக்கொண்டது என்று மெல்லச் சொன்னார். வேண்டாம், கேட்டது நல்லதுதான் என்றார் தம்பி. அந்த நிமிஷத்தில் அதை அவரே முழுதாக நம்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அம்மா எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அக்கா ஏரிக்கு முதுகைக் காட்டி நடந்தார். உச்சியின் மறு ஓரத்தில் ஓடைப் பக்கத்து மரங்கள் நெருக்கமாக நின்றன. ஒரு கிளையை விலக்கினால் இன்னொரு கிளை. அதற்கப்பால் கீழே எங்கேயோ வீட்டு வரிசை இருந்தது, முனை வீடு நம்முடையது, பின்னால் ஓடை, துவைக்கிற கல் என்று கையைக் காட்டிக்கொண்டே போனார். பாதைக்காரர் அந்தக் கை போன திசையில் பார்த்தார். அடிமரங்கள்தான் தெரிந்தன. நெட்டை சொன்ன நாலு மரங்கள் இவைதான் என்று தொழில் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்தது. எந்த மரத்தை எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்றுகூட மனம் ஓடியது.

அக்காவுக்கு அது புரிந்துவிட்டது.

"ரம்பத்த நெனைக்காத. அங்க பாக்க ஒண்ணும் இல்ல, ஓடை மட்டும்தான். அம்மா இந்த உச்சிக்கு வந்ததே கிடையாது. உயரம்னாலே அவளுக்குத் தலை சுத்தும்."

"யாருக்கு? அம்மாவுக்கா?"

"ஏணியில ரெண்டு படி ஏறினாக் கண்ணை மூடிக்குவா. பரண்ல இருக்கிற சாமானையெல்லாம் நான்தான் ஏறி எடுத்துக் குடுப்பேன்."

"மலைமேல குடியிருந்துக்கிட்டு?"

"அதைச் சொல்லித்தான் அப்பாவத் தெனமும் திட்டுவா. சமவெளியில பொண்ணு கிடைக்கலையா உனக்குன்னு. அவரு சிரிச்சுக்கிட்டே பூட்ஸைக் கழட்டுவாரு."

பாதைக்காரருக்கு அப்பா சிரித்து ஞாபகமே இல்லை. அம்மா திட்டுவாள் என்பதையும் அவர் நினைத்துப் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசத் தெரியாத ஒரு பெண்ணைத்தான் அவர் வைத்திருந்தார். விழுந்து கிடந்த ஒரு பழைய மரத்தின்மேல் பாசியைத் தட்டிவிட்டு, மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அக்காவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றினார். வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. இறங்க அவசரம் இல்லை.

"வேற?" என்று கேட்டார் பாதைக்காரர்.

"வேறன்னா?"

"வேற எதுக்கெல்லாம் திட்டுவா?"