ஞானதாஸின் பார்ட்னர்

வேலுமணியும் ஞானதாஸும் பேசிக்கொள்வதில்லை என்பது சூரமங்கலம் ரயில்வே காலனி முழுக்கத் தெரியும். இறகுப்பந்தில் சேலம் பக்கத்தில் அவர்களை மிஞ்சிய இரட்டையர் ஜோடி கிடையாது என்பதும் தெரியும். இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

இருவரும் ஆட்டத்துக்காகவே ரயில்வேயில் வேலை கிடைத்தவர்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் பண்ணைய வீட்டில் பிறந்த வேலுமணி, சின்ன வயதில் கம்பளிப் பந்தை அடித்து அடித்து மணிக்கட்டை இரும்பாக்கிக்கொண்டு வந்தவன். பார்சல் ஆபீஸில் வேலை. ஞானதாஸ் காலனியிலேயே வளர்ந்தவன். அவனுக்கு டிக்கெட் கவுண்டர். எழுபத்தொன்றில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் இருவரையும் முதன்முதலாக ஒரே பக்கம் நிறுத்தினார்கள். அன்று சாயங்காலமே பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஞானதாஸ் வலையோரம் நின்று, எதிராளி பந்தை உயரத் தூக்கிப் போடும்படி செய்வான். பின்னாலிருந்து வேலுமணி எகிறி அடிப்பான். முன்னால் நிற்பவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான். பின்னால் இருப்பவன் எங்கே இருக்கிறான் என்று அவன் முதுகுக்குத் தெரியும்.

பத்திரிகையில் வேலுமணியின் படம்தான் வரும். எகிறிய நிலையில், மட்டை தலைக்கு மேலே. படத்தின் ஓரத்தில் சில சமயம் ஞானதாஸின் தோள்பட்டை மட்டும் தெரியும். வேலுமணி அதைக் கவனித்ததேயில்லை.

எழுபத்தைந்தில் திருச்சியில் ஒரு போட்டி. மதராஸ் ஆட்டக்காரர் ஒருவர், இந்தியா முழுக்கப் பெயர் வாங்கியவர், வேலுமணியைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய ஜோடி வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டானாம். பெங்களூரில் தேசிய அணிக்கான தேர்வு ஆட்டம், என்னோடு வருகிறாயா என்று கேட்டார்.

"வேண்டாமுங்க. எனக்கு ஜோடி இருக்குதுங்க" என்றான் வேலுமணி. யோசிக்கக்கூட இல்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் ஞானதாஸ் மேல் ஒரு கடனை ஏற்றிவைத்தது போல ஆகிவிடும் என்று நினைத்தான்.

அடுத்த மாதம் ஞானதாஸ் லீவு போட்டான். கெங்கவல்லியில் மாமனார் வீட்டு விசேஷம் என்றான். மூன்றாம் நாள் பார்சல் ஆபீஸில் யாரோ விரித்து வைத்திருந்த பேப்பரில் வேலுமணி அந்தச் செய்தியைப் படித்தான். மதராஸ்காரரும் ஞானதாஸும் பெங்களூரில் முதல் சுற்றிலேயே தோற்றுப்போயிருந்தார்கள்.

திரும்பி வந்த ஞானதாஸ் ஒன்றும் சொல்லவில்லை. வேலுமணி ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

வேறு ஆட்களோடு ஆடிப் பார்த்தார்கள். இவனும் தோற்றான், அவனும் தோற்றான். விளையாட்டைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரி அர்த்தநாரி இருவரையும் கூப்பிட்டு, "பேசறதும் பேசாததும் உங்க பாடு. கோர்ட்டுல சேர்ந்து நில்லுங்க, அது போதும்" என்றார். நின்றார்கள். ஜெயித்தார்கள்.

அதன் பிறகு இருவருக்கும் நடுவே இரண்டே வார்த்தைகள்தான் மிஞ்சின. 'எனக்கு.' 'விடு.' அதுவும் பந்து பறக்கும்போது மட்டும். மற்றதெல்லாம் ஞானதாஸின் மனைவி மரியபுஷ்பம் வழியாகத்தான். "அண்ணா, காலையில வண்டி ஆறு மணிக்காம், சொல்லச் சொன்னாரு" என்று குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நிற்பாள். "சரிங்க தங்கச்சி, வந்தர்றேன்னு சொல்லிருங்க" என்பான் வேலுமணி. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஊரில் அண்ணன் இரண்டு மூன்று இடம் பார்த்தார். வருஷத்தில் பாதி நாள் ரயிலில் திரியும் மாப்பிள்ளை என்று பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். அவனும் பெரிதாக வருத்தப்படவில்லை.

மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் விஜயவாடாவுக்கும் எதிரெதிர் ஜன்னலில் உட்கார்ந்து போனார்கள். மரியபுஷ்பம் கொடுத்தனுப்பும் கேரியரை ஞானதாஸ் திறந்து, பாதியை மூடியில் எடுத்து இந்தப் பக்கம் நகர்த்துவான். வேலுமணி தின்றுவிட்டு மூடியைக் கழுவி வைப்பான். போகிற ஊரில் ஒரே அறை. விளக்கை யார் அணைப்பது என்பதில்கூடத் தகராறு வந்ததில்லை. கோபத்தை வேலுமணி உள்ளுக்குள் பத்திரமாகவே வைத்திருந்தான். 'உனக்காக நான் எதை விட்டேன் என்று உனக்குத் தெரியாது' என்கிற ஒரு எண்ணம். தனியாகப் படுத்திருக்கும்போது அதுதான் அவனுக்குத் துணை.

எண்பத்திரண்டில் கோயம்புத்தூர் இறுதி ஆட்டத்தில், வலையோரத்தில் விழ இருந்த ஒரு பந்துக்கு ஞானதாஸ் எட்டினான். பாதம் ஊன்றியபடி இருக்க முழங்கால் மட்டும் திரும்பியது. சத்தம் பின்னால் நின்ற வேலுமணிக்குக் கேட்டது. மட்டையைப் போட்டுவிட்டு ஓடி அவனைத் தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், நடக்கலாம், ஆட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் மரியபுஷ்பம் வந்து சேர்ந்தாள். அவள் காபி வாங்கக் கீழே போனபோது இருவர் மட்டும் இருந்தார்கள்.

"வேலு" என்றான் ஞானதாஸ்.

"வலிக்குதா?"

"வலிக்குது. பெங்களூர் போனதைப் பத்தி நீ ஒரு வார்த்தை கேக்கலையே."

"நீயும் சொல்லலையே."

"உன்னைத்தான் முதல்ல கேட்டாருன்னு எனக்குத் தெரியும். நீ மாட்டேன்னதும் தெரியும். அவரே சொன்னாரு."

வேலுமணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "தெரிஞ்சுமா போனே?"

"தெரிஞ்சுதான் போனேன். நீ எவன்கூட நின்னாலும் ஆடுவே. உன்னை இன்னொருத்தன் வந்து கேப்பான். என்னை யாரு கேப்பா? ஒரே ஒரு தரம் கேட்டாங்க, அதுவும் நீ வேண்டாம்னதால. போய்ப் பாத்துடணும்னு இருந்துச்சு."

"எங்கிட்டச் சொல்லீட்டுப் போயிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ போயிட்டு வான்னுருப்பே. அப்புறம் நான் எப்படிப் போறது?"

மரியபுஷ்பம் காபியோடு வந்தாள். இருவரும் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து, காபித் தூக்கை அப்படியே பிடித்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள்.

இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று வேலுமணி நினைத்தான். கோபம் போனது உண்மைதான். ஆனால் அது இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. சூரமங்கலம் திரும்பிய பிறகு வாரம் ஒருமுறை ஞானதாஸ் வீட்டுக்குப் போனான். "கால் எப்படி?" "பரவாயில்லை." "ஆட்டம் எப்படி?" "போகுது." அதற்கு மேல் பேச்சு வரவில்லை. ரயிலில் எதிரெதிரே மூடிக்கொண்ட வாயோடு எத்தனையோ மைல் ஒன்றாகப் போனவர்களுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து பேசத் தெரியவில்லை. வாரம் மாதமாயிற்று. பிறகு வழியில் பார்த்தால் கையைத் தூக்குவதோடு நின்றது.

வேலுமணிக்குப் புதிதாக ஒரு ஜோடியைக் கொடுத்தார்கள். நல்ல பையன், ஓயாமல் பேசுவான். அவன் முதுகுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒவ்வொரு அடிக்கும் திரும்பிப் பார்த்தான். இரண்டு பருவம் தோற்ற பின் வேலுமணி தானாகவே அர்த்தநாரியிடம் போய், "போதுமுங்க" என்றான்.

எண்பத்தைந்தில் ஞானதாஸின் மகள் இசபெல்லா சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கினாள், அதற்கான புதுநன்மை விருந்து. வேலுமணி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். பந்தலில் ஞானதாஸ் அவன் கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்து, பக்கத்து இலையில் இருந்த கெங்கவல்லிப் பெரியவர் ஒருவரிடம், "இவரு என் பார்ட்னருங்க" என்றான். அதற்குள் யாரோ கூப்பிட, காலை இழுத்தபடி போய்விட்டான்.

"அப்படியா? என்ன தொழிலுங்க, லாரியா?" என்றார் பெரியவர்.

"இல்லீங்க. பந்து ஆடுனோமுங்க."

"அது ஒரு தொழிலா?"

"ஆமாங்க. அதுக்குத்தான் வேலையே குடுத்தாங்க."

அவர் தலையாட்டிவிட்டு இலையைப் பார்த்தார். பரிமாறிக்கொண்டே வந்த மரியபுஷ்பம், "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கங்கண்ணா" என்று அள்ளி வைத்தாள். ஞானதாஸ் பந்தலின் மறுகோடியில் சொந்தக்காரர்கள் நடுவே எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு சத்தமாக அவன் சிரித்து வேலுமணி கேட்டதில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவனிடம் சொல்லிக்கொள்ளப் போனான். கூட்டமாக இருந்தது. சொல்லாமலே கிளம்பினான்.

இன்ஸ்டிட்யூட்டைக் கடக்கும்போது உள்ளே விளக்கு எரிந்தது. இளவட்டங்கள் மூன்று பேர் வலைக்குப் பக்கத்தில் சும்மா நின்றிருந்தார்கள். ஒருவன் வெளியே எட்டிப் பார்த்தான்.

"சார், ஆடுவீங்களா? ஒரு ஆள் குறையுது."

அவர்களுக்கு அவன் யாரென்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றினான். விருந்துச் சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினான்.

"முன்னால நிக்கறீங்களா சார், பின்னாலயா?"

வேலுமணி அவன் நீட்டிய மட்டையை வாங்கிக்கொண்டான்.

"முன்னால நிக்கறேன்" என்று சொல்லி, வலையோரம் போய் நின்றான்.