இடது கார்புரேட்டரின் சுபாவம்

போன வருடம் நடுக்கோடைத் திருநாளுக்கு என் மனைவி ஐலாவின் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில், போரி சாலையில் என் மோட்டார் சைக்கிள் நின்றுபோனது. ஐலா ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, எதிரே வந்த பேருந்தில் ஏறி வீடு திரும்பினாள். அதைப் பற்றி அவள் வாயைத் திறந்தது இந்த மே மாதத்தில்தான்.

"இன்னொரு தடவை பின்னாடி உக்கார்றேன். நடுவழியில நின்னுச்சுன்னா அதோட சரி."

கோட்டுப் பையிலிருந்து பேருந்து நேர அட்டவணையை எடுத்துக் காட்டி, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள்.

வண்டி அறுபத்தொன்பதில் செய்தது. இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கார்புரேட்டர். இரண்டும் ஒரே சீராக மூச்சு விட்டால்தான் வண்டி ஓடும். இந்த வசந்தத்தில் வலது பக்கம் ஒழுங்காக இருந்தது. இடது பக்கம் கறுப்பாகப் புகைந்தது. அந்தப் பக்கத்து ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

நான் செய்த தப்பு, சங்கத்தில் அதைச் சொன்னது. எங்கள் ஊரான ரௌமாவின் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தில் நாங்கள் பதினோரு பேர். குளிர்காலம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து காபி குடிப்போம், யாரும் பேசமாட்டோம். அதற்காகத்தான் நான் சேர்ந்தேன். ஆனால் கார்புரேட்டர் என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் ஊமையும் பேசுவான் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. மறுநாளே நான்கு பேர் ஆளுக்கொரு ஸ்க்ரூடிரைவருடன் என் கொட்டகையில் நின்றார்கள்.

தலைவர் ஓர்வோ பியானோவுக்குச் சுருதி சேர்த்து ஓய்வு பெற்றவர். ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார்.

"இடதுக்குன்னு ஒரு சுபாவம் இருக்கு, ரெய்னோ. அதைப் புரிஞ்சுக்காம ஸ்க்ரூவைத் தொடக்கூடாது" என்றவர், காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை உடனே கால் சுற்றுத் திருப்பினார்.

நால்வரில் இன்னொருவரான தௌனோ இதை ஏற்கவில்லை. சுபாவம் பியானோவுக்குத்தான் இருக்கும், இது உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் கோளாறு என்றார். மூன்று வாரத்தில் மூன்று தடவை இடது கார்புரேட்டரைக் கழற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் காற்று வரும் ரப்பர் குழாயை உருவி ஓரமாகத் தொங்கவிட்டு, ஊசித்துளைகளை ஊதி, மிதவையை ஆட்டிப் பார்த்து, மறுபடி பூட்டினார்கள். போகும்போது ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குத் தெரியாமல் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டுப் போனார்கள். நான் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவர்கள் போன பிறகு நானும் ஒரு கால் சுற்றுத் திருப்பினேன்.

ஜூன் முதல் கூட்டத்தில் இடது கார்புரேட்டருக்குச் சுபாவம் உண்டு என்று தீர்மானம் நிறைவேறியது. தௌனோவின் எதிர்ப்பும் குறிப்பேட்டில் பதிவானது.

திருநாளுக்கு முந்தின நாள் காலை நான்கு பேரும் கடைசி முயற்சியில் இருந்தார்கள். வண்டி இருமிக்கொண்டிருந்தது. ஐலா கோட்டும் பூட்ஸுமாக வாசலில் வந்து நின்றாள். ஹெல்மெட் இன்னும் ஆணியிலேயே தொங்கியது. அவள் அலமாரியில் கிடந்த எதையோ எடுத்து உதறினாள். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, விரல் பக்கம் சிவப்பு. அவளே பின்னியது.

"இந்த ஜோடியைத்தான் குளிர்காலம் பூரா தேடினேன். இது இங்க எப்படி வந்துச்சு?"

அக்டோபரில் வண்டியைக் குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது, எலி கூடு கட்டக்கூடாதென்று துணியை வைத்துக் காற்றுக் குழாயை அடைப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். துவைத்த கூடையில் கைக்கு வந்ததை எடுத்திருப்பேன். வலது குழாயிலிருந்து மார்ச்சில் உருவினேன் என்றேன்.

ஐலா வண்டியைப் பார்த்தாள். "அப்ப இடது குழாய்ல?"

நான் எத்தனையோ மௌனங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படியொன்று வாய்த்ததில்லை.

அவளே குனிந்து, ரப்பர் குழாயை உருவி, இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்தாள். காலுறையின் சிவப்பு விரல் பக்கம் முதலில் வந்தது. தௌனோ கூரையைப் பார்த்தார்.

ஓர்வோ தொண்டையைச் செருமினார். "சுபாவத்துக்கு ஒரு காரணம் இருக்கும்னு நான் அப்பவே நினைச்சேன்."

குழாயை மாட்டி உதைத்தால் வண்டி முன்பைவிட மோசமாக இருமியது. அத்தனை கால் சுற்றுகளும் காலுறை அடைத்த காற்றுக்கு ஈடாகத் திருப்பியவை. ஆரம்பத்தில் ஸ்க்ரூ எங்கே இருந்தது என்று ஓர்வோ கேட்டார். யாருக்கும் நினைவில்லை. எனக்கும் இல்லை.

"முழுக்க மூடிட்டு ஒன்றரை சுற்று வெளிய" என்றாள் ஐலா. "பதினெட்டு வருஷமா வசந்தம் வந்தா சாப்பாட்டு மேஜையில இவன் வாயத் திறந்து சொல்றது அது ஒண்ணுதான்."

தௌனோவின் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கி அவளே திருப்பினாள். நான் அந்தப் பக்கத்து ப்ளக்கை மாற்றி உதைத்தேன். இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. இடது கார்புரேட்டரின் சுபாவத்தைச் சங்கம் சரிசெய்தது என்று ஓர்வோ குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தார்.

ஐலா பூட்ஸைக் கழற்றி இரண்டு காலுறைகளையும் போட்டுக்கொண்டாள். ஒன்றில் பெட்ரோல் வாடை. பிறகு ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுத்துப் பின்னால் உட்கார்ந்தாள்.

போரி சாலையில், போன வருடம் நின்ற இடத்தை வேகம் குறையாமல் தாண்டினோம். அவள் கை என் இடுப்பிலிருந்து விலகித் தன் கோட்டுப் பைக்குப் போனது தெரிந்தது. அட்டவணையைத் தூக்கி எறியப்போகிறாள் என்று நினைத்தேன். அது பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி என்னைப் பிடித்துக்கொண்டாள்.