கோவையிலிருந்து மதுரைக்கு நாற்பத்தாறு நிமிடம்

பெருமாநல்லூரில் பூபாலனின் பனியன் கம்பெனியில் நதியா மெர்ச்சண்டைசர். சாம்பிள் அனுப்புவது, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக ஆர்டர் தரும் டெல்லி பையிங் ஆபீஸின் மெயில்களுக்குப் பதில் எழுதுவது, அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்வது, எல்லாம் அவள் பொறுப்பு.

வியாழக்கிழமை அந்த ஆபீஸில் துணியின் தரம் பார்க்கும் மெஹ்ரா தன் பயணத் திட்டத்தை அனுப்பியிருந்தார். சனிக்கிழமை காலை எட்டரை முதல் ஒரு மணிவரை கம்பெனியில் சோதனை. மூன்றரைக்குக் கோவையிலிருந்து மதுரைக்கு விமானம், நாற்பத்தாறு நிமிடம். மாலையில் மீனாட்சி தரிசனம். எட்டரைக்கு மதுரையிலிருந்து டெல்லி. பூபாலன் படிக்காமலே ‘ஓகே’ என்று பதில் போட்டிருந்தார்.

நதியாவுக்கு ஊர் உசிலம்பட்டி. ஆறு வருடமாக அந்த வழியில் பஸ்ஸில் இடிபட்டுப் போய்வருகிறவளுக்கு இப்படியொரு விமானம் தெரியாமல் போகுமா? தேடிப் பார்த்தாள். வான்வழித் தூரம் நூற்றெழுபத்தைந்து கிலோமீட்டர், பறக்கும் நேரம் நாற்பத்தாறு நிமிடம் என்று ஓர் இணையப் பக்கம் சொன்னது. டிக்கெட் தேடினால் சென்னை சுற்றித்தான் போகவேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவே கோடு கிழித்து, விமான வேகத்தால் வகுத்துவைத்த கணக்கு அது.

பூபாலனிடம் சொன்னாள்.

“அவரு வந்து எறங்கட்டும், அப்பறம் சொல்லிக்கலாமுங்க. இப்பச் சொன்னா வர்றதையே நிறுத்திப்போடுவாரு.”

அவர் பயம் அவருக்கு. கலர் ஒப்புதல் கிடைக்காமல் மூன்று வாரமாக ஆர்டர் நின்றுகொண்டிருந்தது. ஆனால் வந்த இடத்தில் ஏமாந்த மனிதர் எந்தத் துணியைத்தான் நல்லது என்பார்? மறுநாள் காலை நதியாவே மெஹ்ராவுக்குப் போன் செய்தாள். அவர் நம்பவில்லை. அந்தப் பக்கத்தையே அவளுக்கு அனுப்பிவைத்தார். தூரமும் சரி, நேரமும் சரி, விமானம்தான் இல்லை என்றாள். காரில் எவ்வளவு நேரம் என்று கேட்டார். நாலரை மணி நேரம். அப்படியானால் பதினொன்றரைக்கே கிளம்பவேண்டும், சோதனை பாதியில் நிற்குமே என்றார். மீதியைக் காரில் பார்க்கலாம், நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பேசியதைப் பூபாலனிடம் போய்ச் சொன்னாள்.

“நீங்களே பேசிப்போட்டீங்களா? செரி, ராஜவேல வண்டிக்கு டீசல் போடச் சொல்லுங்க.”

சனிக்கிழமை ராஜவேல் ஓட்ட, நதியா மடியில் சாம்பிள் பெட்டியோடு முன்சீட்டில் உட்கார்ந்தாள். மெஹ்ரா தாராபுரம் வரை அளவுத்தாள்களைப் பார்த்துக் கையெழுத்திட்டார். ஊர் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஆறு கலர்த் துணிகளையும் நல்ல வெயிலில் விரித்துப் பார்த்தார். நான்கு தேறின. நீலத்திலும் சாம்பலிலும் பச்சை அடிக்கிறது, மறுபடி சாயம் போடவேண்டும் என்றார். அவள் பார்த்தாள், அடிக்கத்தான் செய்தது. ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்கும்போது, மற்ற நான்குக்கும் தைக்க ஆரம்பிக்கலாம் என்று போனிலேயே மெயில் அனுப்பினார்.

நாலேகாலுக்குக் கோயில் வாசலில் இறங்கினார். விமான நிலையத்தில் அவரை விடுவது ராஜவேல் பொறுப்பு. நதியா பூபாலனுக்கு விவரம் சொல்லிவிட்டு உசிலம்பட்டி பஸ் ஏறினாள்.

அம்மா ஒச்சாயி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்னடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? எத்தன நாளு இருப்ப?”

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும்மா.”

கீரையை அப்படியே வைத்துவிட்டு, ஒச்சாயி உலையில் இன்னொரு ஆழாக்கு அரிசி போட எழுந்து போனாள்.