ஒரே லிஸ்டுக்கு மூன்று பெயர்

பசீர் அகமது வாய்ச்சவடால் பேர்வழி. நல்லூர்ச் சாயப்பட்டறையில் அவர்தான் டையிங் மாஸ்டர். "ஷேடு பாக்கறதுக்கு மெஷினு எதுக்குங்க, எங்கண்ணு ரெண்டும் என்ன சந்தைக்கா போயிருக்குது?" என்று நாள் முழுக்கப் பீற்றிக்கொள்வார். சாய அளவுகளுக்குப் புரோகிராம் எழுதும் நிர்மலாவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

சாம்பல் நிறத் துணிக்குப் பெரிய ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதிலேயே சிவப்பைத் துளி கூட்டி ஒரு சாம்பிள் மட்டும் வேண்டுமென்று ஆர்டர் கொடுத்தவர்கள் கேட்டார்கள். நிர்மலா ஆர்டரின் அளவு லிஸ்டை எடுத்து, ஒவ்வொரு நாளின் அளவுக்கும் செய்வதுபோலவே சமக்குறி போட்டு, 'சாம்பிள்' என்று புதுப் பெயர் வைத்தாள். பிறகு சாம்பிளில் சிவப்பைக் கூட்டினாள். அத்தோடு அந்த வேலையை மறந்தும் போனாள்.

மறுநாள் ஆர்டர் துணி வெளியே வந்ததும் மாஸ்டர் அதை நிறம் சோதிக்கும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தார்.

"அம்மிணி, செவப்பு தூக்கலா இருக்குது. நேத்து இப்படி இல்லியே?"

நிர்மலா நேற்றைய அளவையும் இன்றைய அளவையும் திரையில் பக்கம் பக்கமாகக் காட்டினாள். இம்மியும் வித்தியாசமில்லை. அவரை மட்டம் தட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? "எதுக்கும் டாக்டர்கிட்ட ஒருக்கா கண்ணைக் காட்டுங்க மாஸ்டர்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் லைட் பாக்ஸை அணைத்துவிட்டுத் துணியை அனுமதித்தார்.

நிறம் ஒத்துவரவில்லை என்று அந்த லாட் துணி முழுவதும் திரும்பி வந்தது. முதலாளி பெருமாள்சாமி வாய்க்கு வந்தபடி ஏசினார். "எங்கண்ணு மங்கிப்போச்சுங்க மொதலாளி" என்று மாஸ்டரே சொல்லிவிட்டு, ஷேடு பார்க்கும் வேலையை உதவியாளன் சுரேஷிடம் ஒப்படைத்தார்.

அன்றுதான் நிர்மலா புரோகிராமைத் துருவிப் பார்த்தாள். சமக்குறி லிஸ்டைக் காப்பி எடுக்கவில்லை. இருந்த லிஸ்டுக்கே இன்னொரு பெயரை ஒட்டியிருந்தது. நேற்றையது, இன்றையது, சாம்பிள் எல்லாம் ஒரே லிஸ்ட். ஒன்றில் கூட்டிய சிவப்பு மூன்றிலும் ஏறிவிட்டது. அவள் மாஸ்டருக்குக் காட்டியது அதே லிஸ்டை அதனோடேயே ஒப்பிட்டுத்தான்.

காப்பி எடுக்கும்படி அந்த வரியைத் திருத்தக் கண்மூடித் திறக்கும் நேரம் போதுமாயிருந்தது. வாயைத் திறக்கத்தான் தைரியமில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். மாஸ்டரின் சவடால் அடியோடு நின்றுபோயிருந்தது. தண்ணீர் குடிக்கும் டம்ளரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் எதிரே வந்தால் நிர்மலா வேறு பக்கம் போனாள். தன் மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வேலையைவிட்டு நின்றுகொள்வதாக மாஸ்டர் முதலாளியிடம் சொன்ன நாளில் அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. இருவரும் இருந்த அறைக்குள் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். "தப்பு என்னோடதுங்க. மாஸ்டர் அன்னிக்கே சரியாத்தான் சொன்னாருங்க. நாந்தான் அவர் வாயை அடைச்சுட்டேன்."

முதலாளி கத்தித் தீர்த்தார். மாஸ்டர் கோபப்படவே இல்லை. வெளியே வந்ததும், திரும்பி வந்த துணியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, லைட் பாக்ஸில் வைத்து, வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"அப்ப இதுல செவப்பு இருக்குதுதானே அம்மிணி? நீ ஒருக்கா பாத்துச் சொல்லு."

"இருக்குதுங்க மாஸ்டர்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, "நீயும் பாத்துச் சொல்லு" என்று அந்தத் துண்டைச் சுரேஷிடமும் நீட்டினார்.