பிரசங்கி மரத்துக்கு வழி

"பையன் எழுந்தானா?"

செப்டம்பர் பிறந்தால் என் தம்பி வெர்லின் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பையன் என்றால் அவன் மகன் ட்வைட். ட்வைட் செத்து நாலு வருஷம் ஆகிறது. போதை மாத்திரை தின்று செத்தான். இந்த மலையில் இருபத்தொன்பது வயதுக்காரன் செத்தால் யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. வெர்லின் கேட்பது அவனைப் பற்றி அல்ல. ஆறு வயதில் அவன் தன் விரலால் ஊன்றிய சேங் செடியைப் பற்றி.

சேங் என்றால் ஜின்செங், கிழங்கு மருந்துக்கென்று நல்ல விலைக்குப் போகும் காட்டுச்செடி. வெளியூர்க்காரர்கள் முழுப்பெயர் சொல்வார்கள், எங்கள் வாயில் அது சேங்தான். எங்கள் அப்பா மலையின் வடக்குச் சரிவில் அதை வளர்த்தார். வளர்த்தார் என்று சொல்வதுகூடத் தப்பு, அது தானாக வளர்ந்தது, அவர் கெடுக்காமல் இருந்தார். ஒரு கிழங்கைத் தோண்டினால் அதன் சிவப்புப் பழத்தைப் பிதுக்கி, உள்ளே இருக்கும் விதை இரண்டையும் விரலின் முதல் கணு ஆழத்துக்கு அதே மண்ணில் ஊன்றிவிட்டுத்தான் எழுந்திருப்பார். இடத்தைக் கூடப்பிறந்த அண்ணனுக்குக்கூடச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியோடு போட்ட சண்டையைக்கூடக் கடையில் உட்கார்ந்து பேசுவார்கள், சேங் இருக்கும் இடத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள்.

மகன் போனபிறகு வெர்லின் அங்கே ஒரு கிழங்கையும் தோண்டவில்லை. ட்வைட்டின் செடிக்குப் பக்கத்தில் அவன் பெயரைக் கீறி ஒரு தட்டைக் கல்லைப் பதித்தான். கல்லறையில் இருப்பது கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி கொடுத்த உடம்பு, இங்கே இருப்பதுதான் பையன் என்பான். அவன் மனைவி இதைக் கேட்கப் பொறுக்காமல் ஒஹையோவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கே போய்விட்டாள்.

இருபத்தாறு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்தவனுக்கு நுரையீரல் என்ன மிச்சம் இருக்கும்? இரண்டு வருஷமாக மூக்கில் குழாய், பக்கத்தில் கடகடவென்று ஆக்சிஜன் மிஷின். கண்ணும் மங்கிவிட்டது. மலை ஏறுவது நான்தான், அறுபத்தெட்டு வயது முழங்காலை வைத்துக்கொண்டு. போய்ப் பார்த்துவிட்டு ஒரு பழம் பறித்து வருவேன். அவன் அதைக் கட்டைவிரலால் பிதுக்கி, இரண்டு விதையையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "சரி, கொண்டுபோய் ஊனு" என்று திருப்பிக் கொடுப்பான். அதுதான் அவனுக்குத் திருவிழா.

போன வருஷம் பையன் எழவில்லை. சேங் சில வருஷம் மண்ணுக்குள்ளேயே தூங்கும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெர்லினும் அப்படித்தான் சொன்னான். ஆனால் மிஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இதையும் சொன்னான்:

"ரெண்டு வருஷம் சேர்ந்தாப்புல தூங்கினா செத்துப்போச்சுன்னு அர்த்தம்க்கா. அடுத்த செப்டம்பர் வரைக்கும் நான் எங்கயும் போகல. பாத்துட்டுத்தான்."

இந்த வருஷங்களுக்கு நடுவில்தான் நான் ஒரு புத்தகம் எழுதித் தொலைத்தேன்.

பள்ளிக்கூடச் சமையற்கட்டில் முப்பத்தொரு வருஷம் பீன்ஸ் கிளறியவள் நான். ஓய்வு பெற்றபிறகு கை சும்மா இருக்கவில்லை. பன்றி அடித்த நாள், வெள்ளம் வந்த வருஷம், ஏப்ரலில் எந்தப் பூவுக்குப் பின் எந்தப் பூ என்று நோட்டு நோட்டாக எழுதினேன். ஒரு கல்லூரிப் பதிப்பகம் போட ஒப்புக்கொண்டது. அங்கே இருந்த அம்மாள் நல்லவள்தான், அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. உங்கள் அப்பாவின் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கிறது, இன்னும் கொஞ்சம் எழுதுங்கள் என்று கடிதம் போட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. எழுதினேன்.

நான் ஒன்றும் முட்டாள் இல்லை என்று அப்போது நினைப்பு. எங்கள் புறாத்தங்கல் ஓடையின் பெயரை மாற்றி வெண்கல் ஓடை என்று வைத்தேன். எந்த மாவட்டம் என்றும் எழுதவில்லை. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் எங்கள் சின்னத்தாத்தா லோன்ஸோ வருகிறார். ஜெபக்கூடத்தில் சண்டை போட்டு வெளியே தள்ளப்பட்டவர் அவர். அதன்பின் இரண்டு கோடைகாலம் காட்டில் ஒரு பீச் மரத்தடியில் நின்று மூன்று மாடுகளுக்குப் பிரசங்கம் செய்தார். அதனால் அது பிரசங்கி மரம். இடிந்த ஜெபக்கூடத்தின் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. அங்கிருந்து ஓடையை இரண்டு தடவை தாண்டினால் மரம். இதையெல்லாம் எழுதினேன். கதை சிரிப்பாக இருக்கும், எழுதாமல் எப்படி?

லோன்ஸோவின் பெயரை மட்டும் மாற்றவில்லை. மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைக்கப் போனால் அவருடைய பேரன் பேத்திகள் வரிசையாக நிற்பார்கள். உங்கள் தாத்தாவுக்கு வேறு எவன் பெயரையோ வைத்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஓடைக்கு ரோஷம் கிடையாது. செத்தவருக்கு உண்டு. இந்த மாவட்டத்தில் லோன்ஸோவின் மாடுகளைத் தெரியாதவர் கிடையாது, அந்தப் பெயரே விலாசம் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

அப்பாவின் இடம் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருந்தது. பிரசங்கி மரத்திலிருந்து கீழே முப்பது அடி நடந்தால், ஊற்று கசியும் பாறைக்கு மேல்பக்கம். நடுவில் ஐந்து அத்தியாயம் இருக்கிறதே, யார் சேர்த்துப் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

புத்தகம் பெட்ரோல் பங்கில்கூட விற்றது. கடையில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதவர்கள் உண்டு. வாய் திறக்காதவன் வெர்லின் ஒருவன்தான். நான் முதல் பிரதியை அவன் மடியில் வைத்தபோது தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறது என்றான். படித்துக் காட்டட்டுமா என்று எத்தனையோ தடவை கேட்டேன்.

"நான் அங்கதானே இருந்தேன், எனக்கு எதுக்குப் படிக்கிற?" என்று டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவான்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஊரெல்லாம் சொன்ன நல்ல வார்த்தையை இவன் ஒருவன் சொல்லவில்லையே என்று வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உடைத்திருக்கிறேன். வெட்கம்கெட்ட ஆசைதான், இருந்தும் அவன் வாயால் ஒரு சொல் எனக்கு வேண்டியிருந்தது.

இந்த செப்டம்பரில் முதல் வாரமே ஏறினேன். பிரசங்கி மரத்தடியில் நின்று கீழே பார்த்தேன். பன்றி கிளறிய நிலம் போல இருந்தது. ஒரு செடி மிச்சமில்லை. இரண்டு இலை விட்ட குஞ்சுச் செடிகளைக்கூடப் பிடுங்கி, கிழங்கு சிறிது என்று தூக்கி எறிந்திருந்தார்கள். ஜூலையிலேயே வந்திருக்க வேண்டும், செப்டம்பருக்கு முன் தோண்டக்கூடாது என்ற சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. பழங்கள் பச்சையாகவே காய்ந்து கிடந்தன. பச்சைக்காய் முளைக்காது.

ட்வைட்டின் கல் புரண்டு கிடந்தது. அதன் அடியில் குழி. குழிக்குப் பக்கத்தில் தண்டு, காய்ந்து பழுப்பாக, முற்றிய சேங்குக்கே வரும் நாலு கிளையோடு. பையன் எழுந்திருந்தான். ஒரு வருஷம் தூங்கிவிட்டு இந்த வருஷம் எழுந்திருந்தான். நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

திருடன் எவனாகவும் இருக்கலாம் என்று இரண்டு நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் நூலகத்திலிருந்து வில்டா போன் செய்தாள். அவள் அங்கே நூலகர், பென்சில் கோடு என்றாலே எரிந்து விழுபவள். உன் புத்தகத்தை எவனோ பாழாக்கித் திருப்பியிருக்கிறான், வேறு பிரதி கொடு என்றாள். போய்ப் பார்த்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் புகைபோக்கிக்குக் கீழே கோடு. லோன்ஸோவின் பெயரைச் சுற்றி வட்டம். ஒன்பதாம் அத்தியாயத்தில் முப்பது அடிக்குக் கீழே இரட்டைக் கோடு. ஓரத்தில் ஒரு சின்ன வரைபடம், ஓடை, மரம், பாறை. வரைபடம் நன்றாகவே இருந்தது. யார் எடுத்துப்போனது என்று கேட்டேன். வெளியே சொல்லக்கூடாது என்று விதி, தெரிந்துதான் என்ன செய்யப்போகிறாய், கோடுதானே என்றாள் வில்டா.

அதற்கப்புறம் நாளைக் கடத்தினேன். முழங்கால் வலி என்றேன், மழை என்றேன், கரடி நடமாட்டம் என்றேன். தினமும் அதே கேள்வி. மாதக் கடைசியில் ஒரு காலை நான் உள்ளே நுழையும்போது வெர்லின் குழாயைக் கழற்றிவிட்டு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"நீ போகலேன்னா நானே போறேன்."

"போய்ட்டுதான்டா வந்தேன்," என்றேன். வாய் தானாகச் சொன்னது. "எழுந்துட்டான். நாலு கிளை."

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். குழாயை மாட்டிவிட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டான், சிரித்தான், பசிக்கிறது என்றான். பல மாதமாகக் கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறவன் அன்று இரண்டு கிண்ணம் பீன்ஸ் சாப்பிட்டான். சோள ரொட்டியால் கிண்ணத்தை வழித்துவிட்டுக் கையை நீட்டினான்.

"பழம் எங்க?"

அதை நான் யோசிக்கவே இல்லை. வேறு கோட்டுப் பையில் இருக்கிறது, வீட்டில் விட்டுவிட்டேன் என்று பக்கத்திலிருக்கும் என் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் டாக்வுட் மரம் நிற்கிறது. அதன் பழமும் சிவப்பு, அளவும் கிட்டத்தட்ட அதுதான். அவனுக்குத்தான் கண் தெரியாதே. நல்லதாக ஒன்றைப் பறித்துக் கொண்டுபோய் அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

கட்டைவிரலால் பிதுக்கினான். உருட்டினான். நிறுத்தினான். மறுபடி உருட்டினான். ஒரே ஒரு கொட்டை, நீளமாக.

"இது உன் வாசல் மரம்," என்றான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழிகள், புரண்ட கல், வில்டாவின் பென்சில் கோடுகள். யார் தோண்டியது என்று தெரியாது, வழி சொன்னது நான்தான் என்றேன். அவன் திட்டுவான், கையிலிருப்பதை என் மூஞ்சியில் எறிவான் என்று காத்திருந்தேன். எறிந்திருக்கலாம்.

"எழுந்திருந்தானா?" என்று மட்டும் கேட்டான்.

"எழுந்திருந்தான். நாலு கிளை. அது பொய்யில்லடா."

தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் மூச்சு வாங்கிவிட்டு, புத்தகத்தை எடு என்றான். அது டிவிக்கு அடியில்தான் இருந்தது, தூசி படிந்து. அந்த இரண்டு அத்தியாயத்தையும் படி என்றான். முடியாது என்று கெஞ்சினேன். படி என்றான்.

படித்தேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. மாடுகள் வந்த இடத்தில் அவன் உதடு லேசாக அசைந்தது. புகைபோக்கி, ஓடை, மரம், ஊற்று. நான் கிளறிக் கிளறித் தேடிய நல்ல நல்ல வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்தன. கண்ணை மூடிக்கொண்டு அவனும் நடந்துகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன், ஓடையைத் தாண்டும் இடங்களில் கால்விரல் அசைந்தது. பாறைக்கு மேல்பக்கம் வந்து நிறுத்தினேன்.

"நல்லா எழுதியிருக்கேக்கா," என்றான் வெர்லின். "ஒரு தப்பும் இல்ல. கண்ணு தெரியாதவன்கூடப் போய்ச் சேந்துருவான்."

டாக்வுட் கொட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்தான். ஊனு என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் உயிரோடு இருந்த ஐந்து வாரமும் பையனைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.