பாதி இறங்கிய ஷட்டர்

தெஸ்தூர் என்ற சிற்றூரின் கடைத்தெருவில் யார் இறந்தாலும், அடக்கம் முடியும்வரை எல்லாக் கடைகளும் ஷட்டரை இறக்கிவிட வேண்டும். அன்று காலை இறந்தவர் பலகாரக்கடை சாதிக். மூத்த மகன் பிரான்சிலிருந்து வர வேண்டும் என்பதால் அடக்கம் மறுநாள்தான். எதிர்க்கடை சலூன்காரர் அம்மார் மட்டும் ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு வேர்த்துப்போய் நின்றார்.

உள்ளே விட்டத்தில் தகைவிலான் குருவியின் கூடு. மார்ச்சில் வந்த ஜோடி, மெஜெர்தா ஆற்றுச் சேற்றை வாய் வாயாகக் கொண்டுவந்து பழைய கூட்டைப் பூசி எடுத்தது. பெண் குருவி பதினைந்து நாள் அடைகாத்தது. குஞ்சு பொரித்துப் பத்து நாளாகிறது. பறக்க இன்னும் பத்து நாளாவது வேண்டும். அதுவரை தாயும் தகப்பனும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பூச்சியோடு வந்துபோகாவிட்டால் ஒன்றுகூடத் தேறாது.

சிக்கல் என்னவென்றால், சாதிக்குக்கும் அம்மாருக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணமும் இந்தக் குருவிதான். அது கூடு கட்டும் கடைக்குப் பரக்கத், அதாவது இறையருள் சேரும் என்பது ஊர் நம்பிக்கை. முன்பு அது சாதிக் கடையில்தான் கூடு கட்டியது. ஒரு குளிர்காலத்தில் சுண்ணாம்பு அடிக்கிறேன் பேர்வழி என்று அவர் கூட்டைச் சுரண்டித் தள்ளினார். திரும்பி வந்த ஜோடி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குள் புகுந்துகொண்டது. “என் பரக்கத்தையே திருடிட்டான்!” என்று தெருவே கேட்கக் கத்தினார் சாதிக். தப்பு தன்மேல்தான் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, பாவம்.

“செத்ததுக்கு அப்புறமும் வன்மமாய்யா? ஷட்டர இறக்கக் கை வரலியோ?” என்றார் காய்கறிக்கடை நூரி.

அம்மார் கூட்டை அண்ணாந்து பார்த்தார். இறக்கினால் குஞ்சுகள் செத்துப்போகும். இறக்காவிட்டால் இந்தத் தெருவில் ஒருவரும் அவரை மதிக்கமாட்டார்கள்.

சாதிக்கின் இளைய மகன் பஷீர் விறுவிறுவென்று தெருவைக் கடந்து வந்தான்.

“மாமா, இதென்ன அழும்பு?”

“உள்ள குஞ்சு இருக்குப்பா. வேணும்னா என்னை அடிச்சுட்டுப் போ, மூடமாட்டேன்.”

பஷீர் குனிந்து உள்ளே போய் அண்ணாந்து பார்த்தான். மஞ்சள் வாய்கள் திறந்து கத்தின.

“பொரிச்சது அப்பாவுக்குத் தெரியும்” என்றான். “உங்க வாசல்ல முட்டை ஓடு கிடந்தத அவர்தான் காட்டினாரு. எத்தனை குஞ்சுன்னு கேட்டுட்டு வாடான்னாரு. நான்தான் வெக்கப்பட்டுக்கிட்டு வரல.”

வெளியே வந்தவன், தெருவே பார்த்திருக்க, இரண்டு கையாலும் ஷட்டரை மேலே தள்ளிவிட்டான்.

அம்மார் எதிரே மூடிக்கிடந்த கடையைப் பார்த்தார்.

“அஞ்சு, சாதிக்” என்றார். “அஞ்சும் நல்லாயிருக்கு.” சொல்லிவிட்டு, தெருவென்றும் பாராமல் அழுதார்.